அம்மாவின் திருச்சி ஸ்டேஷன்

லண்டனில் இருக்கும் என் பெண் 2022-ல் லீவுக்கு வந்தபோது ஒரு ரேடியோ கொண்டுவந்தாள். டிபன் டப்பா அளவுதான். மேலே தூக்கிக்கொண்டு போகக் கைப்பிடி, உள்ளே சார்ஜ் ஏற்றும் பேட்டரி. வைஃபையில் வேலை செய்யும் ரேடியோவாம். எந்த ஊர் ஸ்டேஷனும் எடுக்குமாம்.

"செல்போன்லயே எல்லாம் வருதேம்மா, இது எதுக்கு?" என்றேன்.

"உனக்கு யாருப்பா வாங்கினா? இது பாட்டிக்கு."

அம்மாவுக்கு அப்போது 86 வயது. கண் அழுத்த நோயால் ஒரு கண் போய்விட்டது, இன்னொன்றில் வெளிச்சம் நிழல் தெரியும். தொடுதிரை போன் கையில் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு எங்கோ போய்விடும். இந்த ரேடியோவில் ஐந்து பொத்தான்கள், தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி. அது ஒன்றே போதும் என்று பெண் கணக்குப் போட்டிருக்கிறாள். வங்கியில் 36 வருடம் கணக்குப் போட்ட எனக்கு அது தோன்றவில்லை.

முதல் நாள் பாஸ்வேர்டு போட நான் பட்ட பாடு தனிக் கதை. விசைப்பலகை கிடையாது. குமிழைத் திருகித் திருகி ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். ஓய்வு பெற்ற வங்கிக்காரன் வீட்டு பாஸ்வேர்டு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா? பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், ஆச்சரியக்குறி என்று பதினாறு. கடைசி எழுத்தில் கை தவறி, மறுபடி முதலிலிருந்து. என் மனைவி சமையலறையிலிருந்தே சிரித்தாள்.

முதல் பொத்தானில் திருச்சி வானொலி. அதைக் கேட்டுத்தான் பெண் இதை வாங்கியிருக்கிறாள் என்று பிறகு புரிந்தது.

எங்களுக்குத் திருவையாறு பக்கம் கிராமம், குடமுருட்டிப் பாசனம். 1939-ல் தொடங்கிய திருச்சி நிலையம்தான் எங்களுக்கு ஸ்டேஷன். மற்றதெல்லாம் 'மெட்ராஸ்', 'சிலோன்'. அறுபதுகளில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி ரேடியோ சொல்லிச் சொல்லியே தஞ்சாவூர் ஜில்லாவில் பரப்பினார்கள். அதற்கு ரேடியோ நெல் என்றே பேர் வந்துவிட்டது. எங்கள் வயலிலும் போட்டோம். அப்பா 2017-ல் போன பிறகு அம்மாவை மாம்பலத்துக்கு அழைத்து வந்தேன். பகலில் இங்கே திருச்சியின் மத்திய அலை கிடைக்காது. ராத்திரி பழைய டிரான்சிஸ்டரைக் காதில் ஒட்டிக்கொண்டு, கரகரப்புக்கு நடுவே எங்கேயாவது ஒரு வார்த்தை கேட்காதா என்று அம்மா திருகிக்கொண்டே இருப்பாள்.

அந்த அம்மாவின் மடியில் திருச்சி, கரகரப்பே இல்லாமல், பகல் பதினோரு மணிக்கு! கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பக்கத்து வீட்டுல பேசற மாதிரி இருக்குடா" என்றாள்.

அன்றிலிருந்து அம்மா போகுமிடமெல்லாம் ரேடியோவும் போகும். கட்டில், கூடம், சாப்பாட்டு மேஜை. பின்பக்கப் பால்கனியில் வெயில் காயும்போது மட்டும் விட்டு விட்டு வந்தது. நடுவில் இரண்டு சுவர். ரூட்டரைக் கூடத்து மூலையிலிருந்து நடை அலமாரிக்கு மாற்றி, 5 கிகாஹெர்ட்ஸை விட்டு 2.4-ல் இணைத்தேன். அதுதான் சுவரைத் தாண்டி நன்றாக வரும். டேட்டா பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: நொடிக்கு 128 கிலோபிட் ஒலிபரப்பு மணிக்கு 58 எம்.பி.தான் தின்னும். சீரியல் பார்ப்பவர்கள் செலவுக்கு முன்னால் அது கொசு.

தகராறு கடிகாரத்தில் வந்தது. அம்மாவுக்கு மாத்திரை, காப்பி எல்லாமே ரேடியோ மணிச் சத்தத்தை வைத்துத்தான். ஒருநாள் சமையலறை டிரான்சிஸ்டரில் சென்னை மணி அடித்து முடிந்து, அரை நிமிஷம் கழித்துத் திருச்சி அடித்தது.

"ஏண்டா, திருச்சிக்கு வேற மணியா?"

இன்டர்நெட்டில் ஒலியைத் துண்டு துண்டாக அனுப்புவார்கள், ரேடியோ கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் பாடும், அதனால் தாமதம் என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டாள். "மேட்டூர்ல திறந்த தண்ணியே கல்லணைக்கு வர மூணு நாலு நாளாகும். இது அரை நிமிஷம்தானே, போகட்டும்."

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். விடியற்காலையே கரண்ட் போயிற்று. ரேடியோவில் பேட்டரி முழுசாக இருந்தது, ரூட்டர் செத்துவிட்டது. அம்மா முதல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள். கண் தெரியாதவளுக்குச் சத்தமும் நின்றால் என்ன ஆகும் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டாள். நான் இரண்டடி தூரத்தில்தான் நின்றிருந்தேன். பரணில் போட்டிருந்த டிரான்சிஸ்டரைத் தேடி, டார்ச்சிலிருந்து இரண்டு செல்லைப் பிடுங்கிப் போட்டேன். எஃப்.எம். பேசியது. கரண்ட் வரும்வரை அது அம்மா மடியை விட்டு இறங்கவில்லை. இப்போது தலைமாட்டில் இரண்டும் இருக்கின்றன.

ஒன்று சொல்லாமல் விட்டேன். ஒன்றரை ஏக்கர் வயலை 2018-ல் விற்றுவிட்டோம். பார்த்துக்கொள்ள ஆளில்லை, எனக்கும் ஓடியாட முடியவில்லை. பத்திரத்தில் அம்மா கோணலாகக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு வயல் என்ற வார்த்தையே அவள் வாயில் வந்ததில்லை. மறந்துவிட்டாள் என்று நான் நிம்மதியாக இருந்தேன்.

2024-ல் ஜூன் 12 கடந்தும் மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. அம்மா தினமும் காலையில் ரேடியோவில் நீர்மட்டம் சொல்கிறார்களா என்று காத்திருந்தாள். சொல்லாத நாளில் என்னைப் பேப்பரில் பார்த்துப் படிக்கச் சொன்னாள். ஜூலைக் கடைசியில் வெள்ளமாக வந்து, திறந்துவிட்டார்கள் என்று செய்தி. அம்மா விரலை மடக்கி நாள் எண்ணினாள். நாலாம் நாள் காலை, காப்பி டம்ளரைக் கொடுத்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கல்லணை திறப்பான். நம்ம மடைக்கு வந்து சேர இன்னும் ரெண்டு நாள். வாங்கினவன் வரப்பைச் செதுக்கி வெச்சிருக்கானான்னு யாரையாவது கேளேன்."

கேட்கிறேன் என்றேன். யாரைக் கேட்பது?