பாஸ் வாங்கலாமா, பாஸ்?

ஜப்பான் போறீங்களா? ‘கண்ணை மூடிட்டு ரயில் பாஸ் வாங்கு’ன்னு சீனியர்கள் சொல்வாங்க. கண்ணைத் திறங்க பாஸ்! 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸை 2023 அக்டோபரில் 50,000 ஆக்கிட்டாங்க. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு புல்லட் ரயிலில் போய்வர சுமார் 28,000தான். ஹிரோஷிமா வரை போனாலும் 50,000 வராது. அதிலும் வேகமான நொஸோமியில் ஏற, பாஸ் இருந்தாலும் தனிக் காசு. டோக்கியோ மெட்ரோவில் பாஸ் செல்லவே செல்லாது.

ஃபுகுவோகா வரை இறங்கி இறங்கி ஏறி, ஒரே வாரத்தில் திரும்புவேன்னு அடம் பிடிச்சா மட்டும் பாஸ் ஜெயிக்கும். (அப்புறம் ஊரை எப்போ பார்க்கிறதாம்?)

நான் போகப்போறது இன்டர்ன்ஷிப் காசில். கியோட்டோவோடு நிறுத்தி, பாஸை அடிச்சுட்டேன். மிஞ்சுற 22,000 யென்னில் இன்னும் நாலு ராத்திரி டார்மிட்டரியில் தங்கலாம். அம்மாகிட்டதான் இன்னும் சொல்லலை.