'தொடரும்' என்னும் கடன்

தொடர்கதையின் அடியில் அச்சிடப்படும் 'தொடரும்' என்ற ஒரு சொல்லின் ஆற்றல் பெரிது. வாரத்தின் ஏழு நாள்களையும் ஒரே நாளுக்கான காத்திருப்பாக மாற்ற அது வல்லது. 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' தொடராக வந்தபோது, வாசகர்களை அடுத்த இதழுக்கு அழைத்துச் சென்றதில் அமரர் கல்கியின் அத்தியாய முடிவுகளுக்கும் பங்குண்டு. ஆயிரத்தோர் இரவுகளில் ஷாரசாத் தன் உயிரைக் காத்துக்கொண்டதும், பொழுது புலரும் வேளையில் கதையை நடுவில் நிறுத்தும் இவ்வுத்தியால்தான். ஆயினும் அதை எப்படிக் கையாள்வது என்பதை எங்களுக்குக் கற்பித்தவர் எழுத்தறியாத மூதாட்டி ஒருவர்.

பல ஆண்டுகளுக்கு முன், நண்பர்கள் நால்வர் சேர்ந்து எங்கள் கடற்கரை ஊரின் படிப்பகத்தில் கையெழுத்து மாத இதழ் ஒன்றை நடத்திவந்தோம். அதில் ஒரு தொடர்கதை. மாதத்திற்கு ஒருவராக எழுதினோம். முடிச்சுப் போடுபவர் ஒருவர், அவிழ்ப்பவர் வேறொருவர். ஆகவே அடுத்தவரை எப்படித் திணறடிப்பது என்பதே எங்களுக்குள் போட்டியாயிற்று. வாசகரைப் பற்றி நாங்கள் எண்ணவே இல்லை.

ஆடி மாத இதழில் கதைநாயகன் கட்டுமரத்தில் தனியே கடலுக்குப் போகிறான். காற்று கிளம்புகிறது, பாய் கிழிகிறது, கரைவிளக்கு அவன் கண்ணிலிருந்து மறைகிறது. 'தொடரும்' என்று எழுதிவிட்டு எங்களை நாங்களே மெச்சிக்கொண்டோம். அவன் ஏன் அன்று தனியே போனான் என்பதற்குக் கதையில் காரணமே இல்லை. எங்களுக்கு ஒரு புயல் தேவைப்பட்டது, அவ்வளவே. அடுத்து எழுதவேண்டியவரோ, அவனை நடுக்கடலிலேயே விட்டுவிட்டு ஒரு கிளைக்கதையைத் தொடங்குவதாக இருந்தார்.

அந்த வாரத்தில் ஒரு மாலை அம்மூதாட்டி படிப்பக வாசலில் வந்து நின்றார். பேத்தி படிக்கக் கேட்டிருக்கிறார்.

"மக்கா, அந்தப் பய கரை சேந்துட்டானா?"

"அடுத்த மாசம் தெரியும், பாட்டி" என்று சிரித்தோம்.

அவர் சிரிக்கவில்லை. "அடுத்த மாசம் வரைக்குமா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அவர் போன பிறகே எங்களுக்கு உறைத்தது. முன்னொரு காலத்தில் கடலுக்குப் போன அவருடைய மகன் திரும்பவே இல்லை.

அன்றிரவு நால்வரும் உறங்கவில்லை. நாயகன் மாண்டான் என்று எழுதினால் ஆறாத புண்ணைக் கிளறுவதாகும். எளிதாய்க் காப்பாற்றினாலோ, கடலை அறிந்த அவருக்கு அது பொய்யெனப் படும்.

எங்களுள் ஆங்கில இலக்கியம் பயின்றவர் தாமஸ் ஹார்டியை நினைவூட்டினார். 1872, 1873 ஆம் ஆண்டுகளில் மாத இதழொன்றில் வெளிவந்த 'எ பேர் ஆஃப் ப்ளூ ஐஸ்' நாவலில், நைட் என்பவர் கடலோரச் செங்குத்துப் பாறையில் தொங்குகிறார். உடனிருந்த எல்ஃப்ரீட் அவர் பார்வையிலிருந்து மறைய, அத்தியாயம் முடிகிறது. அடுத்த அத்தியாயத்தில் ஹார்டி அவரை உடனே தூக்கிவிடவுமில்லை, மறந்துவிடவுமில்லை. நைட்டின் முகத்தெதிரே, பாறையில் கல்லாய்ச் சமைந்த ட்ரைலோபைட் என்னும் பழங்கடல் உயிரி. எண்ணற்ற ஊழிகளுக்கு முன் மடிந்த அதன் கண்களை நோக்கி, அறிவாளியான அவர் தம் சிறுமையை உணர்கிறார். பின்பு எல்ஃப்ரீட் தன் உள்ளாடைத் துணிகளைக் கிழித்துத் திரித்த கயிற்றால் அவரை மீட்கிறாள். அவர் தொங்கிய நேரம் வீணாகவில்லை. அதற்குள் இருவரையும் வாசகர் புதிதாய் அறிந்துகொள்கிறார்.

எங்கள் புயலில் அப்படி யாரை அறிந்தோம்? எவரையுமில்லை. அந்த இளைஞன் தந்தையிடம் கோபித்துக்கொண்டு போனான் என்ற காரணத்தை அன்றுதான் கண்டடைந்தோம். கட்டவிழ்ந்து சிதறிய மரத்தின் ஒற்றைத் தடியைப் பற்றியபடி அவன் இரவெல்லாம் தந்தையை நினைக்கிறான். தந்தையோ விளக்கை அணையவிடாமல் கரையில் நிற்கிறார். மறுநாள் பக்கத்து ஊர் வள்ளம் அவனைக் கண்டெடுக்கிறது. இதழுக்குக் காத்திராமல், மூன்றே நாளில் எழுதி, மூதாட்டியின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து படித்தோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு, "அவனாவது வந்தானே" என்றார்.

வாசகரைக் காத்திருக்கச் செய்வது தவறன்று. அது கதை தரும் இன்பங்களுள் ஒன்று. ஆனால் 'தொடரும்' என்று எழுதும் கை ஒரு கடனை ஏற்கிறது. முடிச்சு கதைமாந்தரின் இயல்பிலிருந்து எழவேண்டும். அது அவிழும்போது வாசகர், ஏமாற்றப்பட்டோம் என்றல்ல, 'இப்படித்தான் நடந்திருக்கும்' என்று எண்ணவேண்டும்.

அந்தக் கையெழுத்து இதழ் நின்று பல்லாண்டுகள் ஆயின. இன்றும் ஓர் அத்தியாயத்தை இடையில் நிறுத்தும்போதெல்லாம், நாளை நம் வாசற்படியில் யார் வந்து நிற்கக்கூடும் என்று ஒருமுறை எண்ணிப்பார்க்கிறோம்.