செல்லாக்காசு

பழவேற்காட்டு ஏரியின் உவர்நீரில் வாழும் இச்சிறு மீனுக்குச் செல்லாக்காசு என்று பெயரிட்டவர் எவரோ! ஏறத்தாழ 8 சென்டிமீட்டரே வளரும், உணவு மீனாக மதிப்பு குறைவு. ஆயினும் இதன் இல்லறம் வியப்புக்குரியது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே முட்டைகளைக் காத்து, துடுப்பால் நீர் விசிறுகின்றன. பொரித்தவற்றை வாயால் கவ்வி, மணலில் பறித்த குழிகளில் சேர்க்கின்றன. நீந்தத் தொடங்கிய குஞ்சுகள், பெற்றோரின் மேனியில் ஊறும் வழுவழுப்பையும் கொத்தி உண்கின்றன. தாய் ஊட்டுவதை நாம் அறிவோம். இங்கே தந்தையும் அன்றோ ஊட்டுகிறது!

தாயற்ற எங்கள் ஐவருக்காகக் கடலுக்குச் செல்லாமல் வீட்டிலிருந்து கஞ்சி காய்ச்சிய என் தந்தையையும் உறவினர் இப்பெயரால்தான் அழைத்தனர். அவர் சிரித்தபடியே எங்களுக்குத் தலைவாரிவிடுவார்.