மரப்பெட்டியின் மேல் நின்ற சிறுவனுக்கு

மதிப்புக்குரிய லியான் லேசன் ஐயா அவர்களுக்கு,

‘தி பாய் ஆன் தி உடன் பாக்ஸ்’ என்ற உங்கள் நூலில், உங்கள் அண்ணன் சாலிக்கின் கதையைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னதற்குத்தான் என் முதல் நன்றி. 1942இல் போலந்தின் கிராகோவ் நகரக் கெட்டோவில் நாஜிக்கள் அடைத்துவைத்திருந்த யூதர்களைப் பெல்செக் கொலைமுகாமுக்கு ஏற்றிச்சென்ற ரயிலில் அவரும் இருந்தார். தன் ஆலை ஆட்களை மீட்க ரயிலடிக்கு வந்த ஓஸ்கார் ஷிண்ட்லர், இவர் ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் அப்பாவின் மகன் என்று கண்டுகொண்டு, இறக்கிவிடுவதாகச் சொன்னார். சாலிக்கின் அருகே அவர் நேசித்த மிரியம் நின்றிருந்தாள். அவளை விட்டு இறங்க அவருக்கு மனம் வரவில்லை. ரயில் போய்விட்டது.

இளையோர் நூல் என்றால் இந்த இடத்தைப் பூசி மெழுகிவிட்டு நகர்பவர்கள் உண்டு. பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்பது பெரியவர்களின் கணக்கு. நான் பார்த்தவரை, பிள்ளைகள் இந்தப் பக்கத்தில்தான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள்: “அவர் ஏன் இறங்கவில்லை?” நாஜிக்களால் கொல்லப்பட்ட யூதர்கள் 60 லட்சம், அவர்களில் குழந்தைகள் மட்டும் சுமார் 15 லட்சம் என்று சொல்லும்போது அவர்கள் தலையாட்டுகிறார்கள், அவ்வளவுதான். பெயர் தெரிந்த ஓர் அண்ணனுக்காகத்தான் துடித்துப்போகிறார்கள்.

போலந்தில் நரேவ்கா என்ற சிற்றூரில் 1929இல், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தீர்கள். கிராகோவுக்குக் குடிவந்த மறு வருடமே போர் வெடித்தது. ஊருக்கே திரும்பிப்போய்விட்ட மூத்த அண்ணன் ஹெர்ஷெலை 1941இல் அங்கே நடந்த படுகொலையில் பறிகொடுத்தீர்கள். ஷிண்ட்லரின் எனாமல் பாத்திர ஆலையில் நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோது வயது 13. இயந்திரத்தின் கைப்பிடிகள் எட்டவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று வேலை பார்த்தீர்கள். இரவு ஷிப்டில் சுற்றிவரும் முதலாளி உங்கள் பக்கத்தில் நின்று பேசுவார், கூடுதலாகச் சாப்பாடு கொடுக்கச் சொல்வார். ஒரு போரைப் பிள்ளைகளின் உயரத்தில் நின்று காட்ட அந்தப் பெட்டியே போதுமானதாக இருக்கிறது. பாடப்புத்தகம் எதுவும் எனக்கு இதைக் காட்டவில்லை.

ஷிண்ட்லரையும் நீங்கள் தெய்வமாக்கவில்லை. அவர் நாஜிக் கட்சிக்காரர், போரில் பணம் பண்ண வந்தவர் என்பதைச் சொல்லிவிட்டுத்தான், தன் சொத்தையும் உயிரையும் பணயம் வைத்துச் சுமார் 1,200 பேரைக் காப்பாற்றியதையும் சொல்கிறீர்கள். ஒரு மனிதர் இரண்டுமாக இருக்க முடியும் என்பதை 12 வயதில் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம்! உங்கள் அப்பா, அம்மா, அக்கா, அண்ணன் டேவிட், நீங்கள் என ஏழு பேரில் ஐவர் பிழைத்தீர்கள். அந்தக் காலத்தில் அது அபூர்வத்திலும் அபூர்வம்.

1949இல் அமெரிக்கா போனீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஹன்டிங்டன் பார்க் உயர்நிலைப் பள்ளியில் 39 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தீர்கள். நீண்ட காலம் உங்கள் போர்க்கால அனுபவத்தைப் பற்றி நீங்கள் பொதுவில் அதிகம் பேசவில்லை. 1993இல் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படம் வந்த பிறகுதான் பள்ளி பள்ளியாகப் போய்ப் பேசத் தொடங்கினீர்கள். அந்த மௌனத்தைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆறாத காயத்தை, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்காகத் திரும்பத் திரும்பத் திறந்து காட்டினீர்களே, அதற்குத்தான் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

‘தி பாய் ஆன் தி உடன் பாக்ஸ்’ 2013 ஆகஸ்டில் வெளிவந்தது. அந்த ஜனவரியிலேயே நீங்கள் காலமாகிவிட்டீர்கள். உங்களுடன் சேர்ந்து எழுதிய பேராசிரியர் மாரிலின் ஹாரனுக்கும், உங்கள் துணைவியார் எலிசபெத் அம்மையாருக்கும் இந்த நன்றியில் சம பங்கு உண்டு.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் புத்தகத்தை முதலில் நீங்கள் படியுங்கள். பிறகு பிள்ளைகளிடம் கொடுங்கள். சாலிக்கின் பக்கம் வரும்போது கூடவே இருங்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் உண்மையான பதிலையே சொல்லுங்கள்.


ஒரு வாசகர்