சுட்ட கை தெரியவில்லை

திண்டுக்கல் நாகல்நகரில், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவன் நான். அரம் தேயும் ஓசைதான் எங்கள் தெருவின் தாலாட்டு. 'பராசக்தி' வசனத்தைப் பிசகாமல் ஒப்பிப்பவனே எங்களுக்குத் தலைவன். பேச்சே படம், படமே பேச்சு என்று நாங்கள் மயங்கிக் கிடந்த 1962ஆம் ஆண்டில், ஊர்ப்புறத்து டூரிங் கொட்டகைக்கு 'அந்த நாள்' மறுபடியும் வந்தது.

எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1954இல் வெளியிட்ட படம். பாடல் இல்லை, ஆடல் இல்லை. "பாட்டு எங்கேடா?" என்று கொட்டகை கூச்சலிட்டது. ஆனால் நானோ, முதற்காட்சியிலேயே வாயடைத்துப் போயிருந்தேன்.

ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943 அக்டோபர். துப்பாக்கி வெடிக்கிறது. ரேடியோ எஞ்சினியர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன், கதை தொடங்கும் முன்பே சாய்கிறார். பராசக்தியில் முழங்கிய வாய், இங்கே முழங்காமலே மூடுகிறது! சுட்ட கையை மட்டும் காட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறார். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார். ஒவ்வொரு கதையும் வேறொருவர் மீது பழியைச் சாய்க்கிறது. வாய் சொல்வதை நம்பாதே, கண்ணைத் திற என்கின்றன மாருதி ராவ் ஒளிப்பதிவின் நிழல்கள்.

நெஞ்சில் ஏதோ குத்தியது. ஏன்?

அதற்கு முந்திய வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வெள்ளிக் கொலுசு காணாமற்போயிற்று. மை போட்டுப் பார்ப்பவனை அழைத்தார்கள். வெற்றிலையில் தெரிந்ததாக அவன் சொன்ன பெயர், என் தந்தையின் பட்டறையில் வேலை பார்த்த அண்ணனுடையது. தெரு நம்பியது. அடித்தார்கள், விரட்டினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அந்தப் பெட்டியில் தொங்கிய மாங்காய்ப் பூட்டும் அன்று என் கண்ணில் பட்டது. அதில் ஒரு கீறல் இல்லை. நெம்பிய தடம் இல்லை. சாவி போட்டுத் திறந்த பூட்டு! சாவியோ அந்த வீட்டார் இடுப்பில். பூட்டுக்காரன் பிள்ளை நான், பார்த்தும் பாராதவனாக இருந்துவிட்டேன்.

படம் முடிந்ததும் ஓடிப்போய்த் தந்தையிடம் சொன்னேன். அவர் பூட்டைப் பார்த்தார், பேசவில்லை, நேரே அந்த வீட்டுக்கு நடந்தார். கொலுசை அடகு வைத்தவன் அவ்வீட்டுப் பிள்ளையே என்பது வெளிவந்தது. ஆனால் ஊரை விட்டுப் போன அண்ணன் திரும்பி வரவேயில்லை.

'அந்த நாள்' வசூலில் வெல்லவில்லை. குடியரசு அரசின் தகுதிச் சான்றிதழ் மட்டும் கிடைத்தது. 2019இல் திண்டுக்கல் பூட்டு புவிசார் குறியீடு பெற்றபோது ஊரே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். அந்தக் கீறலில்லாப் பூட்டு மட்டும் இன்றும் என் மனத்தில் தொங்குகிறது.

தோழர்களே! கேட்பது எளிது, பார்ப்பதுதான் உழைப்பு. மைக்காரன் வாயைப் பார்த்து நின்றது போதும். பூட்டைப் பாருங்கள்!