எதிரே வருபவரின் கண்

நாற்பத்தைந்து வயதைக் கடந்தபின் இரவுச் சாலை சற்றுக் குறுகிவிடுகிறது. கும்பகோணத்தில் வேலையை முடித்துக்கொண்டு, கபிஸ்தலம் வழியாகத் திருவையாற்றுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஊருக்கு வாரத்தில் நான்கு நாட்களாவது இரவு ஒன்பது மணிக்குமேல் மோட்டார் சைக்கிளில் திரும்புகிறவன் நான். மரங்கள் கவிந்த இடங்களில் வெளிச்சம் என்பது வண்டி தன்னோடு கொண்டுவருவது மட்டுமே. என் வண்டியில் இருந்ததோ 35 வாட் பல்ப். பத்தாண்டுகளுக்கு முன்பு அது போதுமானதாகத்தான் இருந்தது. இப்போது சாலையில் நிற்கும் எருமை, எருமையென்று புலப்படுவதற்குள் மிக அருகில் வந்துவிடுகிறது.

ஹெட்லைட்டை மாற்றிவிடலாமென்று மெக்கானிக்கிடம் போனபோது அவர் ஓர் எல்.இ.டி. பல்பை எடுத்து நீட்டினார். "இத மாட்டிக்குங்க சார், பட்டப்பகல் மாதிரி இருக்கும். பழைய எடத்துலயே உக்காந்துடும்" என்றார். கடைச் சுவரில் அடித்தும் காட்டினார். சுவர் வெளுத்தது உண்மைதான். ஆனால் நான் வாங்கவில்லை. காரணம் அப்பா.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. இரண்டு கண்களிலும் புரை தொடங்கியிருக்கிறது. அறுவை சிகிச்சையை அறுவடை முடியட்டும் என்று சொல்லி ஒவ்வொரு போகமாகத் தள்ளிக்கொண்டே போகிறார். இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட வயலுக்கு மொபெட்டில் போய்வருவார். "எதுக்க அந்த வெள்ள வெளிச்சம் வந்தா நான் ஓரமா நிறுத்திடுவேன்டா. அது போனப்புறமும் கொஞ்ச நேரத்துக்கு ரோடு இருக்காது" என்று ஒருமுறை சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தால் ஒதுங்கி நிற்பேன் என்பதைப் போலச் சொன்னார்.

ரோடு இருக்காது என்பது மிகையன்று. கண் இருளுக்கு முழுமையாகப் பழக ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகிறது. அந்தப் பழக்கம் குலைய ஒரு நொடி போதும். புரை படிந்த வில்லையோ வரும் ஒளியைச் சிதறடித்து, பார்வை முழுவதையும் வெண்படலமாக மூடிவிடுகிறது. தமிழில் இதைக் 'கூசுதல்' என்கிறோம். நாணத்துக்கும் அதுவே சொல். கூச வேண்டியவர் யார் என்பது வேறு விஷயம்.

நான் தேர்ந்தெடுத்தது எச்-4 எனப்படும் 60/55 வாட் ஹாலஜன் பல்ப். பல்பை மட்டும் மாற்றாமல், அதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியும் பிரதிபலிப்பானும் சேர்ந்த முழு டூமையே வாங்கினேன். இந்தச் சிறு பல்பின் உள்ளமைப்பு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. அதில் இரண்டு இழைகள். பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55. டிம் இழை பிரதிபலிப்பானின் குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதன் ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் பட்டால் சாலையை நோக்கி இறங்கும். கீழ்ப்பாதியில் பட்டால் மேலேறி எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். ஆகவே அந்த இழைக்கு அடியில் மட்டும் அரைக் கிண்ணம் போன்ற ஒரு தகட்டை வைத்து, கீழ்ப்பாதிக்குப் போகும் ஒளியை மறைத்திருக்கிறார்கள். நகக்கண் அளவேயான தகடு. எதிரே வரும் முன்பின் அறியாத மனிதருக்காகவே வைக்கப்பட்டது.

மெக்கானிக் காட்டிய வகை பல்பில் இழை இருக்க வேண்டிய இடத்தில் எல்.இ.டி. சில்லுகள் இருக்கின்றன. அவற்றின் அளவோ இடமோ சற்று மாறினாலும் டிம் என்பதன் மேல் எல்லை கலைந்து, ஒளி நாலாபுறமும் சிந்தும். எல்.இ.டி.யே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே தொழிற்சாலையில் வடிவமைத்து வரும் விளக்குகள் கத்தியால் வெட்டினாற்போல் ஒளி தருகின்றன. இழைக்கெனச் செய்த கூட்டில் சில்லைக் கொண்டுபோய்ச் செருகுவதுதான் வில்லங்கம்.

மின்சாரத்துக்கும் வழி செய்ய வேண்டியிருந்தது. 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். பழைய மெல்லிய ஒயரும் கைப்பிடிச் சுவிட்சும் சூடேறி உருகக்கூடும். என் வண்டியில் விளக்கு பாட்டரியில் எரிவதால், பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வைத்த தடித்த ஒயர் இழுத்து, ரிலே போட்டுக்கொண்டேன். (மெதுவாகப் போனால் விளக்கும் மங்கும் பழைய நூறு சி.சி. வண்டிகளில் இது இத்தனை எளிதன்று.) பல்பின் கண்ணாடியை விரலால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் கூடுதலாகச் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். இவ்வளவும் செய்தாலும் பகலாகிவிடாது. இரண்டு மடங்கு தூரத்தில் அதே வெளிச்சம் விழ நான்கு மடங்கு ஒளி வேண்டும். நாற்பதுக்கு மேல் போகாமலிருப்பது அதைவிட மலிவு.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் இதைப் பற்றி ஒரு விதி உண்டு. விளக்கிலிருந்து 8 மீட்டர் தூரத்தில், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசாதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் சாய்க்கும்படியாவது இருக்க வேண்டும் என்கிறது அது. முன்பு ஹெட்லைட் கண்ணாடியின் நடுவில் ஒட்டிய கருப்புப் பொட்டும் இதற்காகத்தான். மொபெட்டில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணும் ஏறத்தாழ அந்த உயரந்தான்.

ஆகவே டூமை மாட்டிய அன்றிரவு வாசல் தெருவில் தப்படி போட்டு 8 மீட்டர் அளந்து, அப்பாவை மொபெட்டோடு எதிரே வலப்புறமாக நிறுத்தினேன். ஆள் ஏறினால் பின்பக்கம் அமுங்கி ஒளி மேலேறும் என்பதால் நான் வண்டியில் உட்கார்ந்தபடியே டிம்மைப் போட்டேன். "இன்னும் கொஞ்சம் எறக்கு" என்றார். இறக்கினேன். "ம், இப்ப ஒன் மூஞ்சி தெரியுது." பிரைட்டைப் போட்டதும் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். டூமின் திருகை அந்த நிலையிலேயே முடுக்கிவிட்டேன்.

இப்போது எருமை முன்பைவிடச் சற்றுத் தொலைவிலேயே தெரிகிறது. இடது கட்டைவிரல் டிம் சுவிட்சை விட்டு நகர்வதில்லை. எதிரே வருகிறவர்களில் பாதிப்பேர் இறக்குவதில்லை. அப்போது நானும் ஓரமாக நிறுத்தி, சாலை திரும்பி வரும்வரை காத்திருக்கிறேன்.