மூட்டத்துக்குள் ஒளிந்தவர்கள்

வத்தலக்குண்டில் வெயில் கொளுத்துகிற மத்தியானங்களிலும் எங்களூரில் மூட்டம் போட்டுவிடும். கீழே போய்வந்த மாமா வியர்வையில் ஒட்டிய சட்டையோடு பஸ்ஸிலிருந்து இறங்குவார். இங்கே செண்பகனூரில் இரண்டு மணிக்கே அம்மாச்சி விளக்கைப் போட்டிருப்பாள். அந்தக் கீழ்நாட்டு வெக்கைதான் கொடைக்கானல் மலைச்சரிவைப் பிடித்து மேலே ஏறி, நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் குளிர்ந்து, ஒரு கட்டத்தில் தன் ஈரத்தைத் தாங்கமாட்டாமல் துளிகளாக உதிர்த்துவிடுகிறது என்று பிற்பாடு படித்தேன். அப்போது அதெல்லாம் தெரியாது. முதலில் பெருமாள் மலையின் உச்சி காணாமல் போகும். அடுத்து யூக்கலிப்டஸ் மரங்கள், பள்ளிக்கூடச் சுவர், கொடியில் கிடக்கும் துணி. கடைசியாகத் தெருக்குழாய். குழாய் மறைந்தால் நல்ல மூட்டம் என்பது எங்கள் கணக்கு. ஒரு கிலோமீட்டருக்குள் கண்பார்வை சுருங்கினால்தான் வானிலைத் துறைக்கு அது மூடுபனி. நாங்கள் இன்னும் கறாரானவர்கள்.

பார்க்க வந்தவர்களுக்கு அது அழகு. வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். தீக்குச்சி பிசுபிசுத்து உரசினால் மருந்து மட்டும் வழுக்கிக்கொண்டு போகும். துவைத்த துணி அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில்தான் காயவேண்டும். அதனால் எங்கள் வகுப்பு முழுக்க விறகுப் புகை வாசனை அடிக்கும். ஒருவருக்கும் அது தனியாகத் தெரிந்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் சூரியனைப் பார்ப்பதற்கென்று ஓர் ஆய்வகத்தை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்பது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. 1899இல் தொடங்கிய கொடைக்கானல் வானாய்வகம் அது. 1904 முதல் அங்கே வானம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். ஒருநாள் வாத்தியாரிடமே கேட்டேன். "மூட்டம் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி அவங்க எந்திரிச்சிருவாங்கடா" என்றார். காலையில் தெளிந்த வானம், மத்தியானம் மூட்டம். எங்களுக்கும் அதே நேர அட்டவணைதான். காலையில் நாங்கள் நல்ல பிள்ளைகள்.

மத்தியானத்துக்கு மேல் கதை வேறு. மூட்டம் இறங்கியதும் பெரியவர்களின் அதிகாரம் பாதியாகிவிடும். அவர்களுடைய ஆட்சி முழுக்கக் கண்ணால் நடந்தது. பார்க்க முடியாதவனை எப்படி அதட்டுவது? ஓடைப் பக்கம் போகலாம், சண்டைக்காரன் வீட்டுப் பையனோடு பேசலாம், அண்ணன் பீடி பிடிக்கலாம். அம்மாச்சியிடம் மட்டும் இந்த வித்தை பலிக்காது. செருப்புச் சத்தத்தை வைத்தே யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்லிவிடுவாள். காட்டுமாட்டுக்கு மட்டும் நாங்களாகவே பயந்தோம். அதுவும் மூட்டத்துக்குள்தான் நிற்கும், நம்மைப் போலவே சத்தமில்லாமல்.

மூட்டத்தை இப்படிப் பயன்படுத்திக்கொண்டதில் எங்களுக்கு முன்னோடிகள் உண்டு. யமுனையில் ஓடம் ஓட்டிய சத்தியவதியிடம் பராசர முனிவர் ஆசைப்பட்டார். இரு கரையிலும் ஆட்கள் பார்க்கிறார்களே என்று அவள் கூசியபோது, அவர் தவவலிமையால் ஒரு மூடுபனியை வரவழைத்தார். அதற்குள் நடந்ததன் பலன் வியாசர். பாரதத்தைச் சொன்னவரே மூட்டத்துக்குக் கடன்பட்டவர். அம்மாச்சி இந்தக் கதையைச் சொல்லும்போது முனிவர் எதற்காகப் பனியை வரவழைத்தார் என்று கேட்டேன். "அவருக்கு வெயில் ஆகாது" என்று முடித்துவிட்டாள்.

கல்லூரியில் சங்க இலக்கியம் படித்தபோது குறிஞ்சித் திணைக்குக் கூதிரும் முன்பனியும் பொழுது, யாமம் சிறுபொழுது, காதலர் கூடுதல் உரிப்பொருள் என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். சமவெளிப் பையன்கள் அதை வாய்ப்பாடாகப் படித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வந்தது. மலை, குளிர், இருட்டு, களவு நான்கையும் ஒன்றாக முடிந்து வைத்தவன் மலைச்சரிவில் நாலு நாளாவது இருந்திருக்க வேண்டும். தாய்க்குத் தெரியாமல் வந்துபோக அதைவிட வசதியான இடம் ஏது?

எங்கள் களவு பேரிக்காயோடு நின்றுவிட்டது. ஆவணி வாக்கில் செண்பகனூர் வீடுகளின் பின்புறமெல்லாம் பேரி மரங்கள் காய்த்துத் தொங்கும். மேட்டுத் தெருத் தாத்தா வீட்டு மரம்தான் இனிப்பு. குழாய் மறையும்வரை காத்திருந்து நானும் சித்தப்பா மகனும் ஏறுவோம். சட்டைக்குள் காய்கள் சில்லென்று உருளும். தாத்தா கதவைத் திறந்து "யாரது?" என்பார். நாங்கள் மூச்சுவிட மாட்டோம். கதவு சாத்திக்கொள்ளும்.

ஒருநாள் அவர் குரலே கொடுக்கவில்லை. மெதுவாகப் பறித்து, அங்கேயே இரண்டைக் கடித்து, விதையைத் துப்பி, சாவகாசமாக இருந்தோம். மூட்டம் விலகத் தொடங்கியது. முதலில் வேலி தெரிந்தது. பிறகு மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த தாத்தா தெரிந்தார். தலைப்பாகையில் நாங்கள் துப்பிய விதைகள்.

"இறங்குங்கடா" என்றார். அடிக்கவில்லை. "பழுத்ததை விட்டுட்டுப் பூராம் பிஞ்சாப் பறிச்சிருக்கீங்க. கண்ணு தெரியாதப்ப அமுக்கிப் பார்த்துல்ல பறிக்கணும்?" என்று ஒவ்வொரு காயாக அமுக்கிக் காட்டினார். அன்று சாயங்காலம் சந்தைக்கு அனுப்ப வேண்டிய இரண்டு மூட்டைப் பேரிக்காயையும் பஸ் நிறுத்தம்வரை எங்கள் தலையில்தான் ஏற்றினார். கூலியாக ஆளுக்கு மூன்று காய் கொடுத்தார். வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

அம்மாச்சிக்கு அது முன்பே தெரிந்திருந்தது. போகும்போது இரண்டு ஜோடிச் செருப்பு, வரும்போது வெறுங்கால் என்று மட்டும் கேட்டாள்.